அவள் ஆராய்ந்த புரதம்

யோகேஸ்வரிக்குப் பதினான்கு வயது நடக்கும்போது அவள் அப்பா மனோகரன் இறந்தார். பாசிர் கூடாங்கில் செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்க்கிற வேலை அவருக்கு. ஒரு மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வேலைக்குப் போனார். பிறகு ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். குடல்வால் வெடித்துவிட்டது என்று அம்மா செல்லம் சொன்னாள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கும் அதையே சொன்னாள். நாற்பத்து மூன்று வயதில் அப்படிச் சாவது கெட்ட நேரம், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை என்று பிள்ளைகள் இரண்டு பேரும் நம்பினார்கள்.

அண்ணன் வசந்தன் அந்த வருடம்தான் பள்ளியின் கடைசித் தேர்வான எஸ்பிஎம் எழுதியிருந்தான். தேர்வு முடிவு வருவதற்குள் மாசாயில் ஒரு பட்டறையில் வெல்டிங் பழகப் போய்விட்டான். முடிவு வந்தபோது கணக்கில் ஏ. அந்தத் தாளை மடித்து அலமாரியில் வைத்ததோடு சரி. பதினெட்டு முடிந்ததும் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் யார்டில் சேர்ந்தான். விடியுமுன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, எல்லைப் பாலத்தில் ஆயிரம் மோட்டார்களோடு புகையைக் குடித்தபடி ஊர்ந்து போவான். இருட்டிய பிறகு திரும்புவான். தங்கச்சியின் படிப்பு தன் பொறுப்பு என்று அவனே எடுத்துக்கொண்டான். யாரும் அவனிடம் கேட்கவில்லை.

கோலாலம்பூரில் பட்டம் முடித்த யோகேஸ்வரிக்கு ஜப்பானில் முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்தபோது, வீட்டில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஜப்பானை மறந்துவிடச் சொன்னார்கள். அம்மா அழுதாள். வசந்தன்தான், "போயிட்டு வரட்டும்மா. மாப்பிள எங்க ஓடிறப் போறான்?" என்றான். அந்த மாப்பிள்ளை ஓடித்தான் போனான். அதற்குப் பிறகு வந்த ஒன்றிரண்டும் நிலைக்கவில்லை. யோகேஸ்வரிக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வருத்தமெல்லாம் அம்மாவுக்குத்தான்.

ஜப்பானில் ஆறு வருடம். அங்கேதான் அவள் வாழ்க்கை முழுவதும் கூட வரப்போகிற புரதத்தைச் சந்தித்தாள். எம்எஸ்எச்-டூ என்று அதற்குப் பெயர். உடம்பில் ஓர் உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன், தன்னிடமுள்ள டிஎன்ஏ முழுவதையும் நகல் எடுக்கிறது. முந்நூறு கோடி எழுத்து. எவ்வளவு கவனமாக எழுதினாலும் நகலில் தப்பு விழும். அந்தத் தப்புகளைப் பின்னாலேயே வந்து தடவிக் கண்டுபிடித்து, வெட்டித் திருத்தி எழுத ஆள் கூப்பிடுகிற வேலை இந்தப் புரதத்துக்கு.

2009இல் ஊர் திரும்பி ஸ்கூடாயில் பல்கலைக்கழக வேலையில் சேர்ந்தாள். அவளுக்கென்று ஒரு சின்ன ஆய்வுக்கூடம் கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் நெடுஞ்சாலையின் இரைச்சல்; மூடினால் குளிர்சாதனத்தின் இரைச்சல். வெளிநாட்டு மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளிடம் இந்தப் புரதத்துக்கான மரபணுவில் ஏதாவது ஓர் எழுத்து மாறியிருப்பதைப் பார்ப்பார்கள். அந்த மாற்றம் கெடுதலா, சும்மாவா என்று அவர்களுக்குத் தெரியாது. யோகேஸ்வரி அதே எழுத்தை ஈஸ்ட்டுக்குள் மாற்றி எழுதி, நஞ்சு கலந்த தட்டில் பரப்பி வைப்பாள். சாதாரண ஈஸ்ட் அதில் செத்துப்போகும். எழுத்துப்பிழையால், நஞ்சு உள்ளே நுழைகிற வாசல் கெட்டுப்போனது மட்டும் பிழைத்து வெள்ளைப் புள்ளியாக வளரும். திருத்துகிற புரதம் நன்றாக வேலை செய்தால் தட்டில் நாலைந்து புள்ளி. கெட்டிருந்தால் நூற்றுக்கணக்கில். தட்டைக் கவிழ்த்து வைத்து, பேனாவால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்தி எண்ணுவாள். பதினான்கு வருடத்தில் இருநூறு சொச்சம் மாற்றங்களை அப்படி எண்ணி முடித்திருந்தாள். ஒரு தீபாவளி விடுமுறையில் உறைபெட்டி பழுதாகி ஒன்றரை வருட வேலை உருகிப் போனது. அழுது முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்தாள். பெரிய பெயர் எதுவும் வரவில்லை. அவள் கட்டுரைகளை உலகத்தில் ஒரு நூறு பேர் படித்திருந்தால் அதிகம். அந்த நூறு பேருக்கும் அவள் எண்ணிக்கையில் நம்பிக்கை இருந்தது.

வசந்தன் ஒரே ஒருமுறை ஆய்வுக்கூடத்துக்கு வந்தான். ஏதோ பொது விடுமுறை. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாண்ணே."

"ஷூவக் கழட்டணுமா?"

"வேணாம், வா."

தட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

"அலமாக், என்னடி இது, பூஞ்சணமா?"

"ஈஸ்ட். ரொட்டி சுடறதுக்குப் போடுவாங்களே, அது."

"ரொட்டி சுடறதுக்கா ஜப்பான்ல ஆறு வருசம் படிச்ச?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவள் நகல் எடுப்பதையும் திருத்துவதையும் விளக்கிச் சொன்னாள். அவன் பாதியிலேயே பிடித்துக்கொண்டான்.

"எங்க யார்டு கியூசி மாதிரி சொல்லு. நாங்க வெல்டிங் அடிச்சிட்டுப் போயிட்டே இருப்போம். பின்னால ஒருத்தன் டார்ச் அடிச்சுப் பாத்துட்டே வருவான்."

"அதேதாண்ணே."

"அந்த ஆளு வேலைக்கு வரலன்னா?"

"மொதல்ல ஒண்ணும் தெரியாது. கப்பல் பாட்டுக்கு ஓடும்."

"ம்ம். நடுக்கடல்ல தெரியும்" என்றான் வசந்தன். அவனுக்குத் தன் தங்கையின் வேலை அன்றைக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும், "என் தங்கச்சி உடம்புக்குள்ள இருக்கிற கியூசி ஆளப் பத்தி ஆராய்ச்சி பண்ணுது" என்று சொல்லுவான்.

2020 மார்ச்சில் தொற்றுநோய் பரவியதால் எல்லையை மூடினார்கள். பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போனவர்கள் அந்தப் பக்கமே தங்கிவிட்டால் வேலை இருக்கும் என்ற நிலை. வசந்தன் இரண்டு சட்டை, ஒரு ரைஸ் குக்கரோடு போனான்; நாலு பேரோடு ஓர் அறையில் தங்கினான். இரண்டு வாரம் என்றார்கள். இரண்டு வருடம் ஆனது. மனைவி புஷ்பவள்ளியும் மகள் லோஷினியும் மாசாய் வீட்டில் இருந்தார்கள். அவன் போன் திரையில்தான் அவர்களைப் பார்த்தான். அம்மா செல்லம் அதற்கு நாலு வருடம் முன்பே சர்க்கரை நோயில் போய்ச் சேர்ந்திருந்தாள்.

அந்த இரண்டு வருடத்தின் நடுவில் ஒரு நாள் மத்தியானம் அவன் யோகேஸ்வரியைக் கூப்பிட்டான். அவள் கணினியில் வகுப்பு எடுத்து முடித்து, ஆய்வு நிதிக்கான விண்ணப்பத்தை அன்றைக்குள் அனுப்பியாக வேண்டும் என்று தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஈசு, பிஸியா?"

"சொல்லுண்ணே."

"ஒண்ணுமில்ல லா. வெளிக்குப் போறப்ப ரத்தம் வருது. ஒரு மூணு மாசமா."

"மூலமா இருக்கும்ணே. தண்ணி நெறைய குடி. அந்த மேகி மீயத் தின்னுட்டே இருக்காத. கிளினிக்ல காட்டுனியா?"

"காட்டுனேன். அவங்களும் அதான் சொல்லி மருந்து குடுத்தாங்க."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல. நீ சொன்னா சரி."

நாலு நிமிடத்துக்கும் குறைவான பேச்சு. அவள் மறுபடி விண்ணப்பத்துக்குத் திரும்பினாள். அந்த விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே, எம்எஸ்எச்-டூ கெட்டுப்போன குடும்பங்களில் பெருங்குடல் புற்றுநோய் இளவயதிலேயே வருகிறது என்று எழுதியிருந்தது. அந்த வாக்கியத்தை எத்தனையோ விண்ணப்பங்களில் எழுதியிருக்கிறாள்.

2022 ஏப்ரலில் பாலம் திறந்ததும் வசந்தன் மோட்டாரிலேயே வீடு வந்தான். சட்டை தோளில் தொங்கியது. இரண்டு வருடம் சொந்தச் சமையல், அதான் இப்படி என்று எல்லோரும் சொன்னார்கள், அவனும் சொன்னான். புஷ்பவள்ளி கோழியும் முட்டையுமாகச் சமைத்துப் போட்டாள். அவனால் பாதித் தட்டுக்கு மேல் முடியவில்லை. வேலைக்கு மட்டும் ஒரு நாள் லீவு போடவில்லை.

அடுத்த வருடம் பொங்கலுக்கு மறுநாள் காலையில் வயிற்று வலியில் குளியலறையில் விழுந்தான். குடலில் கட்டி அடைத்து, பின்னால் ஓட்டை விழுந்திருந்தது. அவசரமாக அறுவை செய்தார்கள். கட்டியோடு குடலை வெட்டி எடுத்தார்கள். ஆனால் வயிறு முழுவதும் சீழ் பரவியிருந்தது. யோகேஸ்வரி தினமும் ஸ்கூடாயிலிருந்து போய் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். ஒரு தடவை உள்ளே விட்டார்கள். வாயில் குழாய் இருந்ததால் அவனால் பேச முடியவில்லை. அவள் கையைப் பிடித்து, விரலால் உள்ளங்கையில் ஏதோ எழுதினான். என்ன எழுதினான் என்று அவளுக்குப் புரியவில்லை. "சரிண்ணே, சரிண்ணே" என்று தலையாட்டினாள். பன்னிரண்டாம் நாள் அவன் இறந்தான். நாற்பத்தாறு வயது.

கருமாதி முடிந்த வாரம், வேலை இடத்துக்குக் கொடுக்க ஆஸ்பத்திரித் தாள்கள் வேண்டியிருந்தன. புஷ்பவள்ளியால் அந்த வாசலை மிதிக்க முடியவில்லை. யோகேஸ்வரிதான் போய் வாங்கினாள். கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து, தாள்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று புரட்டினாள். கட்டியைச் சோதித்த அறிக்கை இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தில் நாலு புரதங்களின் பெயர்கள் இருந்தன. கட்டியில் அவை இருக்கின்றனவா, இல்லையா என்று எதிரே போட்டிருந்தார்கள். இரண்டு இருந்தன. எம்எஸ்எச்-டூவும் அதோடு சேர்ந்து வேலை செய்கிற இன்னொன்றும் இல்லை.

அவள் வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறி, ஸ்டியரிங் தொட முடியாமல் சுட்டது. பக்கத்துக் காரைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரர் கண்ணாடியில் தட்டி, ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டார். அப்போதுதான் தான் சத்தமாக அழுதுகொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது.

இந்தக் கோளாறு பெற்றவர்கள் வழியாக வருவது. பிறக்கும்போதே மரபணுவின் ஒரு பிரதி கெட்டிருக்கும், மறு பிரதி காப்பாற்றிக்கொண்டிருக்கும். குடலில் எங்கோ ஓர் அணுவில் அந்த நல்ல பிரதியும் போய்விட்டால் கட்டி வளரத் தொடங்கும். அப்படியென்றால் யாரிடமிருந்து வந்தது? அம்மா சர்க்கரையில் போனவள். அப்பாவுக்குக் குடல்வால். அந்த வார்த்தையை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபோதுதான், முப்பது வருடத்தில் முதல் தடவையாக அதில் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

அப்பாவின் தங்கை அங்கம்மா மெர்சிங்கில் இருந்தாள். அப்பா கூடப் பிறந்தவர்களில் மிஞ்சியது அவள் ஒருத்திதான். புருஷன் தீவுப் படகுகளில் வேலை பார்த்தவர். படகுத் துறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு. யோகேஸ்வரி போனபோது அத்தை வாசலில் கெரோப்போக் என்கிற மீன் அப்பளத்தைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். வசந்தனைச் சொல்லிக் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு யோகேஸ்வரி நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

"அத்தை, தாத்தா எப்படிச் செத்தாரு?"

"எதுக்கு இப்ப அதெல்லாம்?"

"சொல்லுங்க அத்தை."

"வயித்துலதான். ரெங்கம் தோட்டத்துல இருந்தப்ப. நாப்பத்தேழு வயசு இருக்கும். ரத்த ரத்தமாப் போச்சு."

"சித்தப்பா?"

"அவனும் வயித்துக் கட்டிதான். அக்கா தனபாக்கியம், அதுக்குக் கர்ப்பப்பையில. முப்பத்தொம்பது. எவனோ செய்வினை வெச்சிட்டான்னு எங்கம்மா கோயில் கோயிலா அலைஞ்சா."

யோகேஸ்வரியின் பேனா நின்றுவிட்டது.

"எங்கப்பாவுக்குக் குடல்வால்தான அத்தை?"

அங்கம்மா ஒரு கெரோப்போக்கை எடுத்துத் திருப்பிப் போட்டாள். பிறகு சொன்னாள்: "கேன்சரு. டாக்டரு சொன்னப்ப நானும் கூட நின்னேன். உங்கம்மாதான் என் கையப் புடிச்சிட்டு, வெளிய சொல்லாதீங்கன்னா. பொம்பளப் புள்ள இருக்கு, குடும்பத்துல கேன்சருன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்னா. அதுல என்ன தப்பு? உனக்காகத்தான் சொன்னா."

நடக்காமலே போன தன் கல்யாணத்துக்காக அம்மா அந்தப் பொய்யைச் சாகிறவரை சுமந்திருக்கிறாள் என்று யோகேஸ்வரிக்குப் புரிந்தது. அம்மாமேல் கோபப்படக்கூட முடியவில்லை. குடும்பத்தில் இத்தனை பேர் நாற்பதுகளில் போயிருக்கிறார்கள், ஒரு தடவைகூட அவள் வாய் திறந்து கேட்டதில்லையே. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உள்ள முகம் தெரியாதவர்களின் வம்சாவளிப் படங்களை மணிக்கணக்கில் பார்த்தவள் அவள். அத்தையின் வாசலில் உட்கார்ந்து தன் குடும்பத்தின் படத்தை வரைந்தாள். இறந்தவர்களின் கட்டங்களைக் கறுப்பாக்கியபோது பக்கத்தில் பாதி கறுத்துவிட்டது.

அண்ணனின் திசுவைக் கோலாலம்பூரில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். புஷ்பவள்ளி எதற்கென்று கேட்காமலே கையெழுத்துப் போட்டாள். ஏழு வாரத்தில் பதில் வந்தது. எம்எஸ்எச்-டூ மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. ஆனால் அந்த மாற்றத்தை உலகத்தில் வேறு யாரிடமும் இதுவரை பார்த்ததில்லை. அது கெடுதல் செய்யுமா என்று தெரியாது, அதை வைத்துக் குடும்பத்தில் மற்றவர்களைச் சோதிக்க முடியாது என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொற்றொடரும் அவளுக்குப் பழக்கமானதுதான். அப்படி எழுதப்பட்ட மாற்றங்களைத்தான் அவள் வாழ்நாள் முழுக்கச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணனின் எழுத்தை ஈஸ்ட்டுக்குள் எழுதினாள். தன் கையையும் கண்ணையும் அவள் நம்பவில்லை. ஆய்வுக்கூட அலுவலர் பிரேமலா அவளோடு பத்து வருடம் வேலை பார்த்தவள். அவளிடம் தட்டுகளைக் கொடுத்து, எது எது என்று தனக்குத் தெரியாதபடி அடியில் எண் மட்டும் எழுதித் தரச் சொன்னாள்.

"நானே எண்ணிடவா டாக்டர்?" என்று பிரேமலா கேட்டாள்.

"இல்ல. நான் எண்ணணும்."

மூன்று நாள் கழித்துத் தட்டுகளை எடுத்தார்கள். முப்பது தட்டு. சிலவற்றில் மூன்று புள்ளி, ஐந்து புள்ளி. சிலவற்றில் நட்சத்திரம் வாரி இறைத்த மாதிரி. யோகேஸ்வரி ஒன்றையும் விடாமல் பேனாவால் குத்திக் குத்தி எண்ணினாள். பதினேழாம் எண் தட்டில் நானூற்றுப் பன்னிரண்டு. இருபத்து மூன்றில் நானூற்று முப்பது. எண்ணி முடித்துத் தாளை நீட்டியபோது பிரேமலா தன்னிடமிருந்த பட்டியலைப் பார்த்தாள். பட்டியலை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அதில் பதினேழுக்கும் இருபத்து மூன்றுக்கும் எதிரே அண்ணனின் எழுத்து இருந்தது. யோகேஸ்வரி இன்னும் இரண்டு தடவை முழுவதையும் முதலிலிருந்து செய்தாள். ஒவ்வொரு தடவையும் அதேதான்.

அவள் முடிவை ஒரு வெளிநாட்டு ஆய்வுக்கூடமும் தனியாகச் செய்து பார்த்து உறுதிப்படுத்தியது. கெடுதல் செய்யும் மாற்றம் என்று பதிவானது. இனி குடும்பத்தில் யாரும் ரத்தம் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம். முதலில் அவளே கொடுத்தாள். அவளுக்கு இல்லை என்று வந்தது. அந்தத் தாளைப் படித்தபோது நிம்மதி வரவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் பாலத்தில் புகை குடித்தவனுக்கு அது போனதும், அவன் படிக்கவைத்தவள் தப்பியதும் அவளுக்குத் தாங்கவில்லை. பதிலுக்கு எடுத்துக்கொள்ள வழியிருந்தால் அன்றைக்கே எடுத்துக்கொண்டிருப்பாள்.

மாசாய்க்குப் போனாள். புஷ்பவள்ளி எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் காலை ஷிப்டு முடிந்து வந்திருந்தாள். சீருடைகூட மாற்றவில்லை. யோகேஸ்வரி முடிந்தவரை எளிதாகச் சொன்னாள். லோஷினிக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, ரத்தம் சோதித்துப் பார்த்துவிடலாம், இருந்தால் வருடா வருடம் குடலைக் குழாய் விட்டுப் பார்த்து, கட்டி வந்தால் ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்துவிடலாம்.

புஷ்பவள்ளி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "இது பேரு என்ன சொன்ன?" என்றாள்.

"எம்எஸ்எச்-டூ."

"இதையா நீ ஜப்பான்ல படிச்ச?"

"ஆமாங்கண்ணி."

"இதையா ஸ்கூடாய்ல பதினாலு வருசமா பாத்துட்டு இருக்க?"

யோகேஸ்வரி தலையாட்டினாள்.

"அவரு உனக்குப் போன் பண்ணாருல்ல? சிங்கப்பூர்ல இருந்தப்ப. எங்கிட்டச் சொன்னாரு. ஈசு மூலம்னு சொல்லிருச்சு, பயப்பட ஒண்ணுமில்ல, அதுக்குத் தெரியாததா அப்டின்னாரு." புஷ்பவள்ளியின் குரல் உயரவே இல்லை. "வேற எவ சொல்லியிருந்தாலும் அவரு இன்னொரு டாக்டரப் பாத்திருப்பாரு. நீ சொன்னதாலதான் விட்டுட்டாரு."

"அண்ணி..."

"உனக்கு இருக்கா இது?"

"எனக்கு இல்ல."

"உனக்கு இல்ல" என்று புஷ்பவள்ளி திருப்பிச் சொன்னாள். எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்தாள். "எம்மவள விட்டுரு. அவளுக்குப் பத்தொம்பது வயசு. அப்பன் போயி இன்னும் ஒரு வருசம் ஆகல."

அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்த வீட்டிலிருந்து ஒரு சொல் வரவில்லை. யோகேஸ்வரி மற்ற சொந்தக்காரர்களுக்குக் கடிதம் எழுதினாள், போன் செய்தாள், நேரில் போனாள். குளுவாங்கில் ஒரு வீட்டில், பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருக்கும் நேரத்தில் இதையெல்லாம் பேசாதே என்று தேநீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினார்கள். தன் அம்மாவின் குரலையே அங்கே கேட்டமாதிரி இருந்தது அவளுக்கு. பதினெட்டுப் பேரில் ஐந்து பேர்தான் சோதித்துக்கொண்டார்கள். சித்தப்பா மகன் ஹேமநாதனுக்குக் கட்டி இருப்பது அப்படித்தான் தெரிந்தது; பரவுவதற்கு முன் எடுத்துவிட்டார்கள். அவன் போன் செய்து நன்றி சொன்னான். அவள் "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மூன்று வருடத்துக்கு முன் இதைச் செய்திருக்கலாமே என்ற ஒரு நினைப்பைத் தவிர அவளுக்குள் வேறெதுவும் ஓடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், ஆய்வுக்கூடத்தின் வாசலில் லோஷினி நின்றாள். அப்பாவின் மோட்டாரில் வந்திருந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது அத்தை. தெரிஞ்சா அழுவாங்க." அவள் உள்ளே வந்து சுற்றிப் பார்த்தாள். "அப்பாவோடது இங்க இருக்குன்னு சொன்னாங்க. நான் பாக்கலாமா?"

யோகேஸ்வரி உறைபெட்டியிலிருந்து எதையும் எடுக்கவில்லை. மேசைமேல் இருந்த இரண்டு தட்டுகளைக் காட்டினாள், ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. லோஷினி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு எதுன்னு தெரியாம இருக்கறதுதான் அத்தை தாங்க முடியல. டெய்லி காலையில வயித்தத் தொட்டுப் பாக்கறேன்."

மறுவாரம் ரத்தம் கொடுத்தாள். மரபணு ஆலோசகர் முடிவைச் சொன்னபோது யோகேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். லோஷினிக்கு இருந்தது. அவள் அழவில்லை. "அப்பா குடுத்தது" என்றாள். பிறகு, "அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்று கேட்டாள்.

லோஷினியே சொன்னாள். அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்று யோகேஸ்வரிக்குத் தெரியாது. ஆனால் லோஷினிக்கு இருபது முடிந்து முதல் தடவை குடலைப் பார்க்கத் தேதி கொடுத்த அன்று, புஷ்பவள்ளியும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். காத்திருக்கும் இடத்தில் யோகேஸ்வரியை விட்டு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். ஒன்றரை மணி நேரம் போனது. மருத்துவர் வந்து, எல்லாம் சுத்தமாக இருக்கிறது, அடுத்த வருடம் இதே மாதம் வரவேண்டும் என்றார். புஷ்பவள்ளி கைகூப்பினாள். அவர் போன பிறகு கூப்பிய கையைப் பிரிக்காமலே யோகேஸ்வரியின் பக்கம் திரும்பினாள்.

"அவரையும் இப்படி வருசா வருசம் பாத்திருந்தா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். ஒவ்வோர் உடம்பும் ஒரு மாதிரி, யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று சொல்லலாம். அது முழுப் பொய்யும் ஆகாது. யோகேஸ்வரியால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

"இருந்திருப்பாரு அண்ணி" என்றாள்.

புஷ்பவள்ளி தலையை மெல்ல ஆட்டினாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள். வசந்தன் இறந்ததிலிருந்து அவள் அழுது யோகேஸ்வரி பார்த்தது அதுதான் முதல் தடவை. எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார யோகேஸ்வரிக்குத் துணிவு வரவில்லை. இருந்த இடத்திலேயே அவளும் அழுதாள்.

மயக்கம் தெளியாத லோஷினியைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினார்கள். யோகேஸ்வரி மாசாய்க்கு ஓட்டினாள். வீட்டு வாசலில் மகளை இறக்கிய பிறகு, புஷ்பவள்ளி கார்க் கண்ணாடி அருகே குனிந்தாள்.

"அடுத்த வருசம் நீயே கூட்டிட்டுப் போ. அந்த எடத்துக்கு என்னால வர முடியல."

"சரிங்கண்ணி."

"மறந்திராத."

"மறக்க மாட்டேன் அண்ணி."

புஷ்பவள்ளி உள்ளே போய்க் கேட்டைச் சாத்தினாள். ஷிப்டு முடிந்து வந்த மோட்டார்கள் இரண்டு பக்கமும் காரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. யோகேஸ்வரி போனை எடுத்து, அடுத்த வருடத் தேதியைக் குறித்தாள். அதற்கடுத்த வருடத்துக்கும், அதற்கும் அடுத்ததற்கும் குறித்தாள். தனக்கு அறுபது வயதாகும் வருடம் வரை குறித்துவிட்டுத்தான் காரை எடுத்தாள்.